நாற்காலிக் கால்களுக்கு வரி உண்டா?

"சார், தப்பா நெனச்சுக்காதீங்க. உங்க வீட்டு விலாசத்துல ஒரு வரி ஏய்ப்புப் புகார் வந்திருக்கு."

போனில் இந்தச் சேதி வந்தபோது அவர் சமையலறையில் ஸ்டூல் மேல் நின்றுகொண்டிருந்தார். மேல்தட்டு டப்பாக்களைக் காலாவதித் தேதி வரிசைப்படி அடுக்கிக்கொண்டிருந்தார். போன வாரம் அகர வரிசை. அதற்கு முந்தைய வாரம் உயர வரிசை. அவர் ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் உப்பு எங்கே இருக்கிறது என்று சமைக்கிறவளுக்கே தெரியாது.

"யார் விலாசம்?"

"உங்க விலாசம்தான் சார்."

ஸ்டூல் ஒரு ஆட்டம் ஆடி நின்றது.

விற்பனை வரி அலுவலகத்தில் அவருக்குத் தசமப்புள்ளி என்று பட்டப்பெயர். எவ்வளவு பெரிய கணக்கை நீட்டினாலும் முழு எண்ணை விட்டுவிட்டு, புள்ளிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்றுதான் முதலில் பார்ப்பார். நாளடைவில் தசமம் தேய்ந்து வெறும் புள்ளி சார் ஆகிவிட்டார். செங்கல், சிமெண்ட், இரும்புக் கம்பி என்று கனத்த சாமான்கள் பிரிவிலேயே காலம் தள்ளியவர். அவருடைய ஜீப் தெருமுனையில் திரும்பினால் கடைக்காரர்களுக்குத் தொண்டையில் சோறு இறங்காது. அப்பேர்ப்பட்ட மனிதர் வீட்டில் வரி ஏய்ப்பு!

பேசியவர் அவரிடம் வேலை கற்றுக்கொண்ட சின்ன அதிகாரி. இப்போது புள்ளி சாரின் பழைய நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரும் அவர்தான்.

"என்னய்யா விக்கிறாங்களாம்?"

"நாற்காலிக்கு சாக்ஸ் சார்."

"எதுக்கு?"

"நாற்காலிக்கு. கால்ல மாட்டி விடறது. ஆன்லைன்ல விக்கிறாங்க. நல்லா ஓடுதாம்."

புள்ளி சார் மெல்லத் தலையைத் திருப்பினார். சாப்பாட்டு மேசையில் அவர் மனைவி கம்பளி நூலை மடியில் போட்டுக்கொண்டு மும்முரமாகப் பின்னிக்கொண்டிருந்தாள். அவள் உட்கார்ந்திருந்த நாற்காலியின் நான்கு கால்களிலும் சாம்பல் நிறச் சாக்ஸ். பக்கத்து நாற்காலிக்குக் கோடு போட்டது. அவருடைய நாற்காலிக்குப் பூனை முகம் போட்டது. அதில் உட்கார்ந்துதான் தினமும் சாப்பிடுகிறார், ஒரு நாளாவது குனிந்து பார்த்திருந்தால்தானே!

"யாருய்யா புகார் கொடுத்தது?"

"பேர் போடாத புகார் சார். அந்த மாதிரிப் புகார்ல பெத்த அப்பன் கேட்டாலும் பேரைச் சொல்லாதேன்னு நீங்கதானே சொல்லிக்கொடுத்தீங்க? பதற்றப்படாதீங்க சார், இதுல பார்த்தீங்கன்னா அந்த சைட்டே..."

"நான் பார்த்துக்கறேன்" என்று போனை வைத்துவிட்டார். அடுத்தவர் பேச்சை முடிக்க விடுவது அவர் வழக்கமில்லை. வேலையிலிருந்தபோதும் இல்லை, இப்போதும் இல்லை.

"இது என்ன?" என்றார் மனைவியிடம்.

"சாக்ஸ்."

"விக்கிறியா?"

"ஆமா. ரெண்டு வருஷமா."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல!"

"ஊர்ல இருக்கற கடையெல்லாம் ஏறி ஏறி, என்ன விக்கிறே, எவ்வளவுக்கு விக்கிறேன்னு கேட்டீங்க. என்னை ஒரு நாள் கேட்டீங்களா?"

பிறகு விஷயம் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. கீழ்வீட்டில் பல் வைத்தியர் ஒருவர் கிளினிக் வைத்திருக்கிறார். தலைக்கு மேலே நாற்காலி இழுக்கிற சத்தத்தில் தன் கை நடுங்குகிறது என்று அவர் வந்து முறையிட்டிருக்கிறார். அதற்காகத்தான் இவள் முதல் நான்கு சாக்ஸைப் பின்னியிருக்கிறாள். பார்த்தவர்களெல்லாம் கேட்க, படம் பிடித்து இணையக் கடையில் போட, எங்கெங்கோ இருக்கிற நாற்காலிகளெல்லாம் இவள் கையால் சாக்ஸ் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன. அவருடைய பணிநிறைவு விழாவுக்கு அவள் கட்டிக்கொண்டு வந்த நீலப் புடவையைக் கூட இந்தக் காசில்தான் வாங்கியிருக்கிறாள்.

"ஏங்க, கடையை மூடிடுவாங்களா?" என்றாள்.

எத்தனை கடைகளுக்கு அவரே சீல் வைத்திருக்கிறார்! அரக்கு உருகும் வாசனை இப்போது மூக்கில் அடித்தது. இவள் ரெண்டு வருஷமாகத் தன் கையால் கட்டிய கடை, இனிமேல் இல்லை என்றால் இந்த முகம் எப்படி ஆகும் என்ற பயம்தான் அவருக்கு முதலில் வந்தது. தன் பெயர் கெட்டுப்போகும் என்ற பயமும் இருந்தது. ஆனால் அது இரண்டாவதாகத்தான் வந்தது. அதில் அவருக்கே கொஞ்சம் ஆச்சரியம்.

"நான் இருக்கறப்ப எவன் மூடுவான்?" என்று ஸ்டூலிலிருந்து குதித்தார்.

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். அப்படி அவள் பார்த்து வெகுகாலமாயிற்று. "அப்ப நீங்களே பார்த்துக்குங்க" என்று ஒரு காபியைக் கலந்து கையில் கொடுத்துவிட்டு, டப்பாக்களையெல்லாம் மளமளவென்று பழைய இடத்தில் வைத்தாள்.

மறுநாள் காலை புள்ளி சார் இஸ்திரி போட்ட சட்டையும் பையில் பேனாவுமாக வந்து தன் படுக்கையறைக் கதவைத் தட்டினார்.

"உள்ள வரலாமா?"

"உங்க ரூம்தாங்க அது."

"விதின்னு ஒண்ணு இருக்கு. கேட்டுட்டுத்தான் வரணும்."

கட்டிலுக்கு அடியில் மண்டிபோட்டுத் தவழ்ந்தார். அட்டைப்பெட்டிகளை இழுத்தார். கறுப்பு, சாம்பல், கோடு, பூனை, குழந்தை நாற்காலிக்குப் பொடிசாக ஒரு ரகம், சுழல் நாற்காலிக்கு ஐந்து கொண்ட ஒரு கட்டு.

"முக்காலிக்கு?"

"மூணு தருவேன்."

"சரி. இப்ப முக்கியமான விஷயத்துக்கு வருவோம். இது என்ன சரக்கு?"

"சாக்ஸுங்க."

"அதைத்தான் கேக்கறேன். சாக்ஸ்னா ஆடை. ஆடைக்கு ஒரு வரி. நாற்காலியோட பாகம்னா மரச்சாமான். அதுக்கு வேற வரி."

"வெறும் கம்பளி நூலுங்க."

"நூலா இருக்கறவரைக்கும்தான் நூல். நீ பின்னிட்டியே! இப்ப அது வேற சரக்கு."

"ஆடைன்னா மனுஷங்க போட்டுக்கணும். இதை யாரும் போட்டுக்கறதில்லையே."

"நாற்காலி போட்டுக்குதே!"

"அப்ப நாற்காலியைக் கேளுங்க" என்று அவள் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

பகல் முழுக்க அந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டினார். ஒரு சாக்ஸைத் தன் காலில் மாட்டிப் பார்த்தார். கட்டைவிரல் மட்டும் நுழைந்தது. கடைசியில் சந்தேகம் வந்தால் அதிகமான வரியைப் போட்டுவிடு என்ற தன் பழைய கொள்கைக்கே வந்து சேர்ந்தார். சாக்ஸ் மரச்சாமான் என்று முடிவாயிற்று.

மனைவியின் போனை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, ஒற்றை விரலால் ஒவ்வொரு பொருளின் விலையிலும் வரியைச் சேர்த்தார். சும்மா சேர்த்தால் வாங்குகிறவருக்குத் தெரியாதே என்று, பூனைப் படத்துக்குக் கீழே ஒரு குறிப்பும் எழுதினார்: 'விலையில் விற்பனை வரி சேர்க்கப்பட்டுள்ளது. இப்பொருள் ஆடையா மரச்சாமானா என்பது பரிசீலனையில் உள்ளது.'

"ஏங்க, அந்த சைட்காரங்களே வரின்னு ஏதோ ஒண்ணு..." என்று அவள் ஆரம்பித்தாள்.

அவர் போக்குவரத்துக் காவலர் மாதிரி கையைக் காட்டினார். "அது அவங்க வரி. இது நம்ம வரி. உனக்குப் புரியாது."

அவள் தோளைக் குலுக்கிவிட்டு விட்ட இடத்திலிருந்து பின்ன ஆரம்பித்தாள்.

அந்த வாரம் ஆர்டர் பாதியாகக் குறைந்தது. கடையின் பக்கத்தில் ஒருவர் எழுதியிருந்தார்: 'நான் வாங்கினது சாக்ஸா, நாற்காலியேவா? வரிக்கு மேல வரி போட்டு வெச்சிருக்கீங்க.' இன்னொருவர், 'பரிசீலனை முடிஞ்சதும் சொல்லுங்க, அதுவரைக்கும் என் நாற்காலி வெறுங்காலோட நிக்கட்டும்' என்றார்.

"ஜனங்களுக்கு வரின்னாலே கசப்பு" என்று புள்ளி சார் அலட்டிக்கொள்ளவில்லை. அவர் மனம் வேறு பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. இனிமேல் விற்பதற்கு வரி போட்டாயிற்று. ரெண்டு வருஷமாக விற்றதற்கு? அந்த பாக்கியை யார் தருவது? வாங்கினவர்கள்தானே?

உட்கார்ந்து எழுதினார். இத்தனை காலம் செங்கல் சூளைக்காரர்களுக்கு எழுதின கை அது, வேறு நடை அதற்குத் தெரியாது. 'தங்கள் இல்லத்து நாற்காலியின் கால்கள் தொடர்பாக அறிவிப்பது யாதெனில்' என்று தொடங்கி, 'உரிய தொகையைச் செலுத்தத் தவறும் பட்சத்தில் மேற்படி கால்கள் மீது தக்க நடவடிக்கை எடுக்கப்படும்' என்று முடித்தார். படித்துப் பார்த்தார். நெஞ்சு நிமிர்ந்தது. எத்தனை நாளாயிற்று இப்படி ஒரு வாக்கியம் எழுதி! பழைய வாடிக்கையாளர் ஒருவர் விடாமல் எல்லோருக்கும் கடையின் வழியாகவே அனுப்பிவைத்தார். மனைவிக்குச் சொல்லவில்லை. முடித்துவிட்டுச் சொன்னால் அசந்துபோவாள் என்று நினைத்தார்.

அசந்துதான் போனாள்.

கூரியர்காரர் பொட்டலம் பொட்டலமாகக் கொண்டுவந்து வாசலில் இறக்க ஆரம்பித்தார். எல்லாம் திரும்பி வந்த சாக்ஸ். சிலது புதுசு, பெரும்பாலும் அழுக்கு. ஒரு பெரியவர், 'அம்மா, இதை நான் போட்டது குற்றமென்று தெரியாது, மன்னிக்கவும்' என்று துவைத்து இஸ்திரி போட்டு அனுப்பியிருந்தார். ஒருவர், 'அது வாடகை நாற்காலி, எனக்கும் அதன் கால்களுக்கும் சம்பந்தமில்லை' என்று எழுதியிருந்தார். இன்னொரு அம்மாள் பயந்துபோய் நாற்காலியையே விற்றுவிட்டாளாம்.

"என்னங்க இது? எல்லாரும் எதுக்குத் திருப்பி அனுப்பறாங்க?"

அவர் கடிதத்தைக் காட்டினார். அவள் படித்தாள். 'மேற்படி கால்கள்' வரைக்கும் வந்தபோது போன் சிணுங்கியது. அந்த இணையக் கடைக்காரர்களிடமிருந்து வந்த செய்தி. விற்பனையாளர் வாடிக்கையாளர்களை மிரட்டுவதாகப் பல முறையீடுகள் வந்திருப்பதால் கடை தற்காலிகமாக நிறுத்திவைக்கப்படுகிறது என்று இருந்தது.

கடையை வரி அலுவலகம் மூடவில்லை. புள்ளி சாரே மூடிவிட்டார்.

"உங்களை யாருங்க கடிதாசி போடச் சொன்னது? ஏதோ நாலு நாள் அங்க இங்க அலைஞ்சு விசாரிப்பீங்கன்னு பார்த்தா..." என்று வெடித்தவள் பாதியிலேயே வாயை மூடிக்கொண்டாள். "போங்க. ஒண்ணும் பேசாதீங்க என்கிட்ட."

ஊசிகளை நூல்கண்டில் குத்தி வைத்துவிட்டு, வெறும் கையை மடியில் போட்டுக்கொண்டு ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள். கல்யாணமான நாளிலிருந்து அந்தக் கைகள் சும்மா இருந்து அவர் பார்த்ததில்லை. அழுதிருந்தால் கூட சமாதானம் சொல்லியிருப்பார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். அந்தச் சும்மா இருக்கிற கைகளை அவரால் பார்க்க முடியவில்லை. பாவி, நானே கெடுத்துட்டேனே என்று மனசுக்குள் அடித்துக்கொண்டார்.

ஆனாலும் புள்ளி சார் புள்ளி சார்தானே! ஒரே யோசனைதான் வந்தது. புகார் கொடுத்தவனைப் பிடித்து வாபஸ் வாங்க வைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும். யார் அவன்? இவள் கடை நடத்துவது யாருக்குத் தெரியும்? முதல் சாக்ஸிலிருந்தே தெரிந்தவர் ஒருத்தர்தான். கீழ்வீட்டுப் பல் வைத்தியர். போதாக்குறைக்குப் போன மாதம் கிளினிக் நாற்காலிகளுக்கு மொத்தமாகக் கேட்டு, விலை படியாமல் போயிருக்கிறது. ஆகா, அகப்பட்டான்!

நேராகப் போய்க் கேட்டால் ஒப்புக்கொள்வானா? அனுபவம் பேசியது. பல்வலி என்று சொல்லி உள்ளே நுழைந்தார்.

"உட்காருங்க சார். எந்தப் பல்லு?"

"ஏதோ ஒண்ணு. அது கிடக்கட்டும் டாக்டர், நீங்க சமீபத்துல யாரைப் பத்தியாவது எங்கேயாவது..."

"வாயை நல்லாத் திறங்க."

திறந்தார். அவர் தொழிலில் எத்தனையோ பேரை நாற்காலியில் உட்கார வைத்துக் கேள்வி கேட்டிருக்கிறார். கேள்வி கேட்கிறவன் தானே நாற்காலியில் சாய்ந்துகொண்டு வாயைப் பிளந்தால் விசாரணை எப்படி நடக்கும் என்பது வாயைத் திறந்த பிறகுதான் உறைத்தது.

"ஆ... ஆ..." என்றார்.

"வலிக்குதா? இதுவா? அடேயப்பா, இதை வெச்சுக்கிட்டு எப்படி சார் இத்தனை நாள் இருந்தீங்க? ஆடிக்கிட்டு இருக்கே!"

"ஆ! ஆ!" என்று புள்ளி சார் கையை ஆட்டினார்.

"புரியுது, புரியுது. ஒரே நிமிஷம். உங்க வீட்டம்மா சாக்ஸ் போட்டதுல இருந்து என் கை நடுங்கறதே இல்ல. கவலைப்படாதீங்க. ஆமா, அவங்க கடையை ஏன் மூடிட்டாங்க? நேத்து ராத்திரிதான் பத்து நாற்காலிக்கு ஆர்டர் போடலாம்னு போனேன். சொன்ன விலைக்கே வாங்கிக்கறேன்னு சொல்லுங்க."

சந்தேகமும் போயிற்று, பல்லும் போயிற்று. வெளியே வரும்போது கன்னம் ஒரு பக்கம் பன் மாதிரி வீங்கியிருந்தது.

வீட்டுக்குப் போய் அந்த முகத்தைக் காட்ட வெட்கமாக இருந்தது. நேராகப் பழைய அலுவலகத்துக்குப் போய்விட்டார். இருக்கிற சேமிப்பைக் கொட்டியாவது வரியை அபராதத்தோடு கட்டிவிடுவது, இவள் கடையை மீட்டு இவள் கையில் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்துகொண்டார்.

கவுண்டரில் இருந்த பெண் அவர் எழுதி நீட்டிய சீட்டைப் பார்த்தாள். "பதிவு எண் இல்லாம வரி வாங்க முடியாது சார்."

'பதிவு செய்ய வேண்டும்' என்று இன்னொரு சீட்டு எழுதினார்.

"நீங்க பதிவு பண்ணவே வேண்டாமே சார்."

என்ன அநியாயம், வலிய வந்து வரி கட்டுகிறேன் என்பவனை விரட்டுகிறார்களே என்று அவருக்கு ரத்தம் கொதித்தது. கொதித்து என்ன பிரயோஜனம்? வீக்கத்தில் வாயைத் திறக்க முடியவில்லை. வாசல் பக்கமாக வந்த பழைய பியூன்தான் அவரை அடையாளம் கண்டுகொண்டு, "ஐயையோ, சாருக்கு என்ன ஆச்சு!" என்று கையைப் பிடித்து சின்ன அதிகாரியின் அறைக்கு அழைத்துப் போனார். அந்தப் பியூன் அவருக்குப் பின்னாலேயே கோப்பு தூக்கி நரைத்தவர். பியூனின் நாக்கு நுனியில் ஏதோ வந்ததும், சின்ன அதிகாரி முறைத்த முறைப்பில் அது உள்ளே போனதும் புள்ளி சார் கண்ணில் படவில்லை. வலி அப்படி.

"சார், முதல் நாளே சொல்ல வந்தேன், நீங்க போனை வெச்சுட்டீங்க" என்றார் சின்ன அதிகாரி. "இந்த மாதிரி இணையக் கடை மூலமா விக்கறவங்க தனியா வரி வசூலிக்க வேண்டாம் சார். யாராவது ஆர்டர் போட்டா, அந்த சைட்டே வாங்கறவங்க கிட்ட வரியைப் பிடிச்சு நேரா நமக்குக் கட்டிடும். அம்மா வித்த ஒவ்வொரு சாக்ஸுக்கும் வரி என்னிக்கோ வந்து சேர்ந்தாச்சு. ஒரு பைசா பாக்கி இல்ல."

வாயைத் திறக்க முடியாததால், வாழ்க்கையில் முதல் முறையாகப் புள்ளி சார் எதிராளி சொன்னதை முழுவதும் கேட்டார். கேட்டதும் கண்ணில் நீர் முட்டியது. கடை தப்பித்தது! சீட்டை எடுத்து, 'அப்படியானால் நான் விலையில் சேர்த்து வாங்கிய வரி?' என்று எழுதினார்.

சின்ன அதிகாரி நெளிந்தார். "அதைத்தான் எப்படிச் சொல்றதுன்னு பார்க்கறேன். அதிகாரம் இல்லாம வரின்னு சொல்லிக் காசு வாங்கறது தப்பு சார். இந்தக் கேஸ்ல நடந்த ஒரே குற்றம் நீங்க பண்ணதுதான்."

செங்கல் சூளைகளை நடுங்க வைத்த புள்ளி சார் அந்த அறையில் பள்ளிக்கூடப் பையன் மாதிரி தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

"வாங்கினதைத் திருப்பிக் கொடுத்துடுங்க. ஒரு மன்னிப்பும் எழுதிடுங்க. அதோட முடிஞ்சுது."

திருப்பிக் கொடுத்தார். வாடிக்கையாளர் ஒருவர் விடாமல் மன்னிப்பும் எழுதினார். எழுதிய கை செங்கல் சூளைக் கைதானே, 'தங்கள் நாற்காலியின் கால்கள் மீது எவ்விதக் குற்றமும் இல்லை என்று இதன்மூலம் சான்றளிக்கப்படுகிறது' என்றுதான் அதுவும் வந்தது. இணையக் கடைக்காரர்களுக்குப் போன் போட்டார். ஒன்றை அழுத்துங்கள், இரண்டை அழுத்துங்கள், காத்திருங்கள் என்று ஒரு பெண் குரல் அவரைப் படுத்தி எடுத்தது. எத்தனை பேரை நாம் வெளியே பெஞ்சில் இப்படி உட்கார வைத்திருப்போம் என்று நினைத்துக்கொண்டு பல்லைக் கடித்தார், இருக்கிற பல்லை.

ஒருவழியாகக் கடை திறந்தது. வேடிக்கை என்னவென்றால், அந்தச் சான்றைப் படித்துச் சிரித்தவர்கள் அதைப் படம் பிடித்து நாலு பேருக்கு அனுப்ப, முன்னைவிட ஆர்டர் குவிந்தது. 'அந்த மிரட்டல் கடிதத்தையும் ஒரு பிரதி சேர்த்து அனுப்ப முடியுமா? என் வீட்டுக்காரருக்குப் பரிசா கொடுக்கணும்' என்று ஒரு அம்மாள் கேட்டிருந்தாள். துவைத்து அனுப்பிய பெரியவர் புதுசாக இரண்டு கட்டு கேட்டார். பல் வைத்தியர் சொன்னபடியே பத்து நாற்காலிக்கு வாங்கினார்.

மனைவியின் கை மறுபடி ஓட ஆரம்பித்தது. புள்ளி சார் எதிரே உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரொம்பப் பயந்துட்டேன்" என்றார்.

"எதுக்கு?"

"உன் கடை போயிடுமோன்னு. என்னால போயிடுமோன்னு."

அவள் பின்னுவதை நிறுத்தி, இன்னும் லேசாக வீங்கியிருந்த அவர் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். "எனக்காகப் பல்லையே விட்டுட்டு வந்தீங்களே, போதும்" என்று சிரித்தாள். அவள் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. அன்றைக்கு இருவரும் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

இத்தோடு விட்டிருந்தால் அவர் புள்ளி சாரா? மறுநாளே தரப் பரிசோதனை என்ற பாரத்தைத் தலையில் ஏற்றிக்கொண்டார். ஒவ்வொரு சாக்ஸையும் அளவுகோல் வைத்து அளந்தார். ஒரே கட்டில் இருக்கிற நான்கும் நூலிழை பிசகாமல் இருக்க வேண்டும் என்றார். அவள் பின்னலின் கண்ணிகளை எண்ணிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் நின்று தானும் எண்ணினார்.

"இது புள்ளி நாலு கூடுதலா இருக்கு பாரு."

"கம்பளிங்க. இழுத்தா நீளும், விட்டா சுருங்கும்."

"இழுக்கறப்ப எவ்வளவு, விடறப்ப எவ்வளவுன்னு பெட்டி மேல போட்டுடலாம்."

அவள் ஊசியைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் கண்ணை மூடினாள். பிறகு, "கொஞ்சம் நூல் வாங்கணும், போயிட்டு வந்துடறேன்" என்று கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

அதற்கு அடுத்த நாள் புள்ளி சார் வரியைத் திருப்பிக் கொடுத்த விவரத்தை ஒப்படைக்க அலுவலகம் போனார். சின்ன அதிகாரி வாங்கி வைத்துக்கொண்டு, கேஸ் முடிந்தது என்று எழுந்து கை குலுக்கினார். கன்னம் வற்றியிருந்தது, நடையில் பழைய மிடுக்கு வந்திருந்தது. படியிறங்கும்போது பியூன் வழக்கம்போல அவர் பையை வாங்கிக்கொண்டு கூடவே வந்தார்.

"எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது" என்றார் புள்ளி சார். "ஒண்ணே ஒண்ணுதான் உறுத்துது. அந்தப் புகாரை எந்தப் படுபாவி கொடுத்தான்?"

"அது... சொல்லக் கூடாதுங்களே சார்."

"கேஸ்தான் முடிஞ்சுதே. இத்தனை வருஷம் பழகினதுக்கு எனக்காக இதைச் சொல்லக் கூடாதா? அவனை நான் ஒண்ணும் பண்ண மாட்டேன். ஏன் செஞ்சேன்னு மட்டும் கேக்கணும்."

பியூன் படிக்கட்டின் மேலேயும் கீழேயும் பார்த்தார். பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"உங்க வீட்டம்மாதான் சார். 'மனுஷன் வேலை இல்லாம ஏங்கிப் போறார், வரி பாக்கியே இல்லாத கேஸ் ஒண்ணு நானே தரேன், அவர்கிட்ட சொல்லிடாதீங்க'ன்னு வந்து எழுதிக் கொடுத்தாங்க. நேத்து மறுபடி வந்து, அடுத்த புகாரையும் எழுதிக் கொடுத்துட்டுப் போயிருக்காங்க."